ஒத்தையாள் சின்னப்பாவின் கீழ் ஆள்

ஸ்ரீராம்புரத்துக்கு வந்து சின்னப்பா வீடு எது என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. அந்த ஒரு சந்திலேயே மூன்று சின்னப்பா இருக்கிறார்கள். ‘ஒத்தையாள் சின்னப்பா’ என்று கேட்டுப் பாருங்கள். சந்துமுனையில் இட்லி விற்கும் முத்தம்மா, கையிலிருக்கும் கரண்டியாலேயே எதிர் மாடியைக் காட்டிவிடுவாள். காட்டுவதோடு நிறுத்தவும் மாட்டாள். அந்தப் பேர் வந்த கதையையும் சொல்லித்தான் அனுப்புவாள்.

கதை சின்னதுதான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது சின்னப்பாவின் தொழில். தொண்ணூற்று நாலாம் வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கும்போது அது படியில் சறுக்கிவிட்டது. சின்னப்பா ஒத்தை ஆளாக நின்று அதைத் தாங்கி நிறுத்தினார். கூட வந்த ஆள் அப்போது கீழே வண்டிக் கதவைத் திறக்கப் போயிருந்தான். இவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷம் ஒரு கதை ஒரே சந்தில் குடியிருந்தால் சும்மா இருக்குமா? முதலில் அது காலி பீரோ. பிறகு அதற்குள் துணிமணி வந்தது, வெள்ளிப் பாத்திரம் வந்தது. முதல் மாடி இரண்டாவது மாடி ஆயிற்று. முத்தம்மா இப்போது சொல்லும் கதையில் சின்னப்பா ஒரு கையால் பீரோவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் மீசையைத் துடைத்துக்கொள்கிறார்.

சின்னப்பா இந்தக் கதையை ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. யாராவது எடுத்தால் ‘அட, அதெல்லாம் எதுக்கு’ என்பது போலக் கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டல் இருக்கிறதே, அதுவே கதைக்குக் கண் காது மூக்கு வைத்துவிடும்.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஐந்து வாரமாக மாடியை விட்டு இறங்கவில்லை. காரணம் ஒரு கேஸ் சிலிண்டர். அதைக் கொண்டுவந்த ஆள் வழக்கம்போல மாடிக்குத் தூக்கத்தான் போனான். முத்தம்மா கடையில் நாலு பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “நீ வைப்பா, நான் பாத்துக்கிறேன்” என்றார் சின்னப்பா. ஒன்பது படி வரைக்கும் ஒத்தையாள்தான். பத்தாவது படியில் சிலிண்டர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, ஒரு ராத்திரி வேளையில் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்து விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண் மமதா. சின்னப் பெண், ஆனால் பேச்சு கறார். “அங்கிள், தகடு வச்சு எலும்ப சேத்தாச்சு. இனிமே நீங்க நடந்தாத்தான் உண்டு. தினம் ஒருத்தர் தோள்ல கை போட்டு படி எறங்கணும், ஏறணும். எறங்கும்போது அடிபட்ட கால் மொதல்ல. ஏறும்போது நல்ல கால் மொதல்ல. அடுத்த மாசம் முடியறதுக்குள்ள ஆரம்பிக்கலன்னா கால் எறுகிப் போயிடும். அப்புறம் ரூம்லருந்து பாத்ரூம், பாத்ரூம்லருந்து ரூம். அவ்ளோதான்.”

சின்னப்பா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அறைக்குள் சுவரைப் பற்றிக்கொண்டு நாலு எட்டு வைப்பார். படி என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். வீட்டுப் படி வெளிப்பக்கம் இருந்தது. பதினாலு படி, இரண்டடி அகலம், நேரே முத்தம்மா கடையைப் பார்த்து இறங்கும். அந்தக் கடையில் காலை நேரத்தில் சந்தே கூடியிருக்கும்.

“என் தோளப் புடிச்சிக்கினு எறங்குங்களேன். நான் இன்னா அன்னியமா?” என்று மனைவி ஜானகி கேட்டாள்.

“உன் தோளப் புடிச்சிக்கினு எறங்கினா சந்து சிரிக்கும்.”

“சரி, மருமகன வரச் சொல்றேன்.”

“அவன் முன்னாடி நான் கொழந்தையாவணுமா? ஆம்பளன்னா தன் ஒடம்பத் தானே தூக்கணும் ஜானகி. ஆவும்போது நானே எறங்குறேன்.”

அந்த ‘ஆவும்போது’ வரவே இல்லை. ஜானகி மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். இவர் விழுந்த நாளிலிருந்து போகவில்லை. தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு மாசம் முடிய எத்தனை நாள் என்று சத்தமாகவே சொல்வாள். பன்னிரண்டு. பதினொன்று. பத்து. சின்னப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நினைப்பைத் தவிர வேறு வேலை ஏது? சந்துக்குள் ஏதாவது சாமான் வண்டி வந்து நின்றால் போதும், சின்னப்பா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்வார். கட்டிலை எப்படிச் சாய்க்கிறார்கள், கயிறு எங்கே போடுகிறார்கள் என்று பார்ப்பார். பார்க்கப் பார்க்க அந்தக் காலம் வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வேலையில் இரண்டு இடம் உண்டு. மேல் ஆள், கீழ் ஆள். ஒரு பீரோ மாடிப்படியில் இறங்குகிறது என்றால் கீழ் ஆள் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். அவனுக்குப் படி தெரியாது, திருப்பம் தெரியாது, முகத்துக்கு நேரே இரும்பு மட்டும்தான் தெரியும். பாரத்தில் முக்கால்வாசி அவன் மேல்தான் இறங்கும். மேல் ஆள் அவனுக்குக் கண். ‘இன்னும் ரெண்டு படி, சுவரு வருது, வலது பக்கம் திரும்பு’ என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்கிறவன் தப்பாகச் சொன்னால் கீழ் ஆள் செத்தான். தாங்குகிறவன் தளர்ந்தால் மேல் ஆளும் பீரோவோடு போவான்.

சின்னப்பா மேல் ஆள். அவருக்குக் கீழ் ஆளாக வந்தவன் நாகேஷ். ஹாசன் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் ஒரு சொல் தெரியாது. சின்னப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடுதான், கன்னட நாட்டில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவருக்கு அது ஒரு பெரிய விஷயமா? ஆனால் கையில் இரண்டு ஆள் பாரம் இருக்கும்போது வாயில் தாய்மொழிதான் வரும். அதனால் நாகேஷ் கற்ற முதல் தமிழ் நாலே சொல்: தூக்கு, புடி, வுடு, நில்லு. இந்த நாலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊரையே இடம் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

என்ன நாட்கள் அவை! காலையில் மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் நுழையும்போதே வீட்டுக்கு வீடு காபி மணக்கும். ராமநவமி வந்தால் தெருவுக்குத் தெரு பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். இரண்டு பேரும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய், எல்லாப் பந்தலிலும் ஒரு கை பார்ப்பார்கள். வேலை முடிந்தால் ஓட்டலில் நின்றபடி ஒரு பை டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பங்கு போட்டு, எந்தத் தம்ளரில் ஒரு சொட்டு அதிகம் என்று சண்டை போடுவார்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை உள்ளே போய் வருவார்கள். சுவரைத் தொடுவார்கள், சிலர் அழுவார்கள். அந்த ஐந்து நிமிஷமும் சின்னப்பாவும் நாகேஷும் வாசலில் பேசாமல் நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டு பேருக்கும் அந்த மரியாதை தெரிந்திருந்தது.

நாகேஷ் வந்து ஆறு மாசம் இருக்கும். அன்றைக்கு வேலை மல்லேஸ்வரத்தில் வள்ளியம்மா டீச்சர் வீட்டில். ரிட்டையரான தமிழ் டீச்சர். காலையில் போனவுடனே சின்னப்பாவைப் பார்த்து, “உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?” என்று இலக்கணம் தப்பாமல் கேட்டுவிட்டார். அதோடு சின்னப்பாவின் நாக்கு விறைத்துக்கொண்டது. அதுவரைக்கும் ‘இஸ்துக்கினு வா’ என்று பேசியவர், ‘இழுத்துக்கொண்டு வா’ என்று பேச ஆரம்பித்தார். நாகேஷ் பாவம், ஆறு மாசத்தில் கற்ற தமிழெல்லாம் அன்றைக்கு ஒரு நாளில் காலாவதியாகிவிட்டதே என்று விழித்தான்.

பீரோ படியில் இறங்கியது. டீச்சர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் சாயும். அந்த இடத்தில் மேல் ஆள் ‘புடி’ என்று சொல்ல வேண்டும். டீச்சர் காதில் விழுமே என்று சின்னப்பா அழகாக, திருத்தமாகச் சொன்னார்: “பிடி! பிடி!”

தமிழில் எழுதினால் இதில் ஒன்றும் தெரியாது. கன்னடத்திலும் ஒரு ‘பிடி’ உண்டு. முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அர்த்தம், விட்டுவிடுங்கள். அதுவும் மரியாதையாக. பாரத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த சின்னப்பாவின் வாயில் அந்தப் ‘பி’ கனத்துத்தான் வந்தது. நாகேஷ் கையை எடுத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றான்.

பீரோ இரண்டு படி கீழே போயிற்று. சின்னப்பா கயிற்றை இழுத்துப் பிடித்துக் குதிகாலைப் படியில் ஊன்றினார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. டீச்சர் “ஐயோ” என்று கத்தினார். மூன்று எண்ணும் வரைக்கும் தாங்கினார். அது உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது எண்ணில் கயிறு கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கையிலிருந்த பாரம் சட்டென்று பாதியாகிவிட்டது. பீரோவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நாகேஷ் ஓடி வந்து அடியில் கையைக் கொடுத்து முட்டுக்கொடுத்துவிட்டான். பீரோவின் காலுக்கும் படி விளிம்புக்கும் நடுவில் அவன் இடது கை விரல் இரண்டு மாட்டிக்கொண்டன. வாயைத் திறக்காமல் ஒரு முனகல். அதைச் சின்னப்பா மட்டும் கேட்டார்.

பீரோ சுவரில் முட்டி நின்றதும் அவன் விரலை உருவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்; பிறகு ஓடி வந்த ஆட்கள்தான் அதை இறக்கினார்கள். டீச்சர் இறங்கி வருவதற்குள் நாகேஷ் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியோரம் நின்றான். “என்னப்பா ரத்தம்?” என்று டிரைவர் கேட்டதற்கு, “வண்டிக் கதவு... மாட்டிக்கிச்சு” என்று அவனே சொன்னான். சின்னப்பா ஆமாம் என்று தலையாட்டினார். மேலே நின்ற டீச்சர் பார்த்ததெல்லாம் சின்னப்பாவின் முதுகும் பீரோவின் தலையும்தான். “ஒற்றை ஆளாக நின்று தாங்கினீர்களே ஐயா!” என்று வியந்தார். டீச்சர் குரல் அல்லவா, தெரு முழுக்கக் கேட்டது. சாயங்காலத்துக்குள் டிரைவர் அதை ஸ்ரீராம்புரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. “நீங்கதானே அண்ணா பிடின்னீங்க?” என்று நாகேஷ் கன்னடத்தில் கேட்டான். “என்ன ஊர்ல யாரும் மரியாதையாக் கூப்பிட்டதே இல்ல. நீங்க மரியாதையாச் சொல்றீங்களேன்னு சந்தோஷத்துல விட்டுட்டேன்.” சின்னப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து திட்டினாள். சிரித்து முடித்துவிட்டு நாகேஷ் அழுதான். இரண்டு விரலின் நுனியும் போய்விட்டது. “நான் கைய விட்டத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா. விட்டவன்னு பேர் வந்தா எவனும் என்ன வேலைக்குச் சேக்க மாட்டான்.”

“சொல்ல மாட்டேன்டா” என்றார் சின்னப்பா.

சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் மேலும் கீழுமாக எத்தனை வீட்டை இறக்கினார்கள், ஏற்றினார்கள். அவர்கள் அகராதியில் ‘பிடி’ என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. நாகேஷ் போல ஒரு கீழ் ஆள் இந்த ஊரில் கிடையாது என்று தொழிலில் எல்லோரும் சொன்னார்கள். சின்னப்பாவும் சொன்னார். ஒத்தையாள் என்ற பேர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டு வயதாகிக்கொண்டே வந்தது. போகப் போக அவருக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது.

நாகேஷ் இப்போது லக்கரேயில் மகன் வீட்டில் இருக்கிறான். சின்னப்பா விழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வந்துவிடுவான். கொஞ்சம் வாழைப்பழம், கொஞ்சம் ஊர்க்கதை. ‘படி எறங்கலாமா அண்ணா?’ என்று ஒரு தடவை கேட்பான். இவர் கையை ஆட்டுவார். அவன் காபியைக் குடித்துவிட்டுப் போவான்.

மாசம் முடிய எட்டு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை ஜானகி காபித் தம்ளரை வைத்த வேகத்தில் பாதி கீழே சிந்தியது.

“நாகேசு, நீயாவது கேளு. என் தோள் வேணாமாம். மருமகன் தோள் வேணாமாம். ஒத்தையா பீரோவத் தாங்கின ஆம்பளையாம். அந்த ஆம்பள இன்னிக்குக் காலையில பாத்ரூம் கதவுகிட்ட அரை மணி நேரம் செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. ஒரு கொரல் குடுத்தா நான் வர மாட்டனா? குடுக்கல. வேர்த்து ஊத்திக்கினு நிக்கிறாரு. நான் எதுக்குயா இந்த வீட்ல இருக்கிறேன்?” சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. “அந்தப் பாழாப்போன பீரோ அன்னிக்கே போய் விழுந்திருக்கக் கூடாதா?”

சின்னப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாகேஷ் தம்ளரைக் கீழே வைத்தான். பெரியவரைப் பெண்சாதி முன்னால் தலைகுனிய விடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா. அண்ணன் ஒத்தையாத்தான் தாங்குனாரு. நான் கீழ வண்டிகிட்ட நின்னு பாத்தேன்ல. அந்த மாதிரி மனுஷனுக்குக் கஷ்டமாத்தானே இருக்கும்.”

சொல்லிவிட்டு விரல் நுனி போன அந்த இடது கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

அந்தக் கதையை எத்தனையோ வாய் சொல்லிச் சின்னப்பா கேட்டிருக்கிறார். நாகேஷ் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்தது. ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவதெல்லாம் வெட்கமே இல்லை. விரலைக் கொடுத்தவன் எதிரே உட்கார்ந்து பொய் சொல்லித் தன்னைத் தாங்குகிறான், தான் அதையும் வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“நாகேசு.”

“சொல்லுங்க அண்ணா.”

“எழுப்புடா என்ன. கீழ போலாம்.”

ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை முழுக்கத் திறந்தாள். முத்தம்மா கடையில் அப்போதுதான் இரண்டாம் ஈடு இட்லி இறங்கியிருந்தது. ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றார்கள்.

நாகேஷ் ஒரு படி கீழே இறங்கி, சின்னப்பாவைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பற்றினான். சின்னப்பா அவன் தோள்களில் கை வைத்தார். அடிபட்ட காலை முதலில் இறக்கினார். வலி சுளீரென்று ஏறியது. நாகேஷ் முதுகுப் பக்கமாக அடுத்த படிக்குக் காலைத் துழாவினான். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, பழைய நிதானம் இல்லை. சின்னப்பாவின் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. “இன்னும் ஒரு படி. அங்க ஒடஞ்சிருக்குது, ஓரமா வை. ஆங், வந்துட்ட. செவுரு உன் இடது கைப் பக்கம்.” படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து வாரமாகச் சுருங்கிக் கிடந்த குரல் நடுப்படி வருவதற்குள் நிமிர்ந்துவிட்டது.

“ஒத்தையாளு எறங்கிட்டாருடோய்!” என்று முத்தம்மா கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஓடி வந்து பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார். சின்னப்பா உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சட்டை நனைந்துவிட்டது. முத்தம்மா ஒரு தட்டை அவரிடமும் ஒன்றை நாகேஷிடமும் கொடுத்துவிட்டு, கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒருவரிடம் ஆரம்பித்தாள். “இவரு யார்னு நெனச்சீங்க? மல்லேஸ்வரத்துல மூணாவது மாடிலருந்து...”

“மொதல் மாடி” என்றார் சின்னப்பா.

முத்தம்மா நிறுத்தினாள்.

“மொதல் மாடிதான் முத்தம்மா. நான் ஒத்தையாவும் தாங்கல. மூணு எண்றதுக்குள்ள எனக்குக் கை போயிடிச்சு. இதோ இவன்தான் அடியில கையக் குடுத்து நிறுத்தினான். இவன் வெரல் போனது வண்டிக் கதவுல இல்ல, அந்தப் பீரோவுலதான்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. “நான் தப்பாச் சொன்னதக் கேட்டு இவன் கைய எடுத்துட்டான். அதனாலதான் சறுக்கிச்சு. எடுத்த கையத் திரும்பக் கொண்டாந்து குடுத்தவனும் இவன்தான்.”

“இதையா முப்பது வருஷமாத் திரிச்சுக்கினு இருந்தேன் நானு!” என்று முத்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். மாடிக் கைப்பிடியைப் பிடித்து நின்ற ஜானகி சிரிக்கவில்லை, கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப்பாவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போல லேசாக இருந்தது. நாகேஷைப் பார்த்தார். அவன் முகம் கறுத்திருந்தது.

“எதுக்கு அண்ணா சொன்னீங்க?”

“டேய், உன் பேரச் சொன்னேன்டா.”

“நான் கைய விட்டேன்னு சொன்னீங்க. இத்தன பேர் முன்னாடி.” இட்லித் தட்டை அப்படியே கீழே வைத்தான். “முப்பது வருஷமா என்னக் காப்பாத்துனீங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எம் மகன்கிட்டகூட நான் சொல்வேன் அண்ணா, அவரு மாதிரி மனுஷன் இல்லடா, சொல்லாதன்னு ஒரு வார்த்த கேட்டேன், இன்னிவரைக்கும் சொல்லலன்னு. அதுக்குத்தான் நான் வாராவாரம் பஸ் ஏறி வர்றேன்.”

சின்னப்பா இதை எதிர்பார்க்கவே இல்லை. தான் பேருக்காக மூடி வைத்ததை இவன் இத்தனை வருஷமாகத் தனக்குச் செய்த உபகாரமாக அல்லவா கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்! ‘ஆமாம்டா, உனக்காகத்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் நேராகிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“நான் உன்னக் காப்பாத்தல நாகேசு. எம் பேரக் காப்பாத்திக்கினேன்.”

நாகேஷ் அவரையே பார்த்தான். “ஒரு நாள்கூட எனக்காக இல்லியா?”

“மொதல்ல ஒரு வாரம். ஆஸ்பத்திரியில நீ அழுதியே, அப்ப. அதுக்கப்புறம் இல்லடா.”

நாகேஷ் எழுந்து தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தின் வெளிப்பக்கம் பஸ் ஸ்டாப் திசையில் நடக்க ஆரம்பித்தான்.

சின்னப்பா படியைத் திரும்பிப் பார்த்தார். பதினாலு படி. ஜானகி மேலே பதறிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் “வாங்க அண்ணா, நாங்க ஏத்திவிடறோம்” என்று கிட்டே வந்தார்கள். யார் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம், அதில் இப்போது ஒன்றுமில்லை. ஆனால் போகிறவன் முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் யாரையும் கெஞ்சிக் கூப்பிட்டவரில்லை அவர். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“நாகேசு! என்னால ஆவலடா! நீ இல்லாம என்னால ஆவல! வாடா!”

நாகேஷ் நின்றான். ரொம்ப நேரம் திரும்பாமலே நின்றான். பிறகு வந்தான். வந்தவன் முகத்தில் சிரிப்பு இல்லை. குனிந்து அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

“கோவம் போகல அண்ணா. அது இருக்கும்” என்றான். “நல்ல கால் மொதல்ல. வைங்க.”

சின்னப்பா தன் முழுப் பாரத்தையும் அவன் மேல் சாய்த்து முதல் படியில் காலை வைத்தார்.